வேகன் ஆர் சிஎன்ஜி: ஒன்றரை வருஷம், 27 ஆயிரம் கிலோமீட்டர், டிக்கிய பத்தி மட்டும் கேக்காதீங்க

மொதல்லயே சொல்லிடுறேன், நான் கார் பைத்தியம் எல்லாம் கிடையாது. தாம்பரத்துல வீடு, ஒரகடத்துல வேலை, போக வர 52 கிலோமீட்டர், மாசம் 25 நாள், அவ்ளோ தான் நம்ம கதை. 2012 மாடல் பெட்ரோல் செடான் ஒண்ணு வச்சிருந்தேன், நல்ல வண்டி, கதவ சாத்துனா ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்த சத்தத்துக்காகவே வித்திருக்க கூடாதுன்னு இன்னிக்கும் தோணும். ஆனா முடிச்சூர் ரோட்டு ட்ராஃபிக்ல லிட்டருக்கு 13 தான் குடுத்துச்சு. 2022 ஏப்ரல்ல சென்னைல பெட்ரோல் 110 ரூபாய் 85 காசுக்கு போச்சே ஞாபகம் இருக்கா, அன்னிக்கு பங்க்ல ரெண்டாயிரத்துக்கு போடுங்கன்னு சொல்லிட்டு மீட்டர பாத்தா 18 லிட்டரோட நின்னுடுச்சு. டேங்க் பாதி கூட ரொம்பல. அப்ப தான் முடிவு பண்ணேன், அடுத்த வண்டி சின்னதா தான் இருக்கணும்னு. முடிவு பண்ணி வாங்க ரெண்டு வருஷம் ஆச்சு, அது வேற.

2024 ஜூலைல மாருதி வேகன் ஆர் விஎக்ஸ்ஐ சிஎன்ஜி எடுத்தேன், அழுத்தி அடைச்ச இயற்கை எரிவாயு, பெட்ரோல் ரெண்டுலயும் ஓடுற மாடல். ஆன்ரோடு 8 லட்சத்த தாண்டிடுச்சு, ரோடு டாக்ஸே 13 சதவீதம் போட்டு தாளிச்சுட்டாங்க. எலக்ட்ரிக் பாக்கலயான்னு கேப்பீங்க, பாத்தேன், எங்க அபார்ட்மென்ட்ல பார்க்கிங்ல சார்ஜிங் பாயின்ட் போட விடமாட்டேன்னு ஒத்த கால்ல நின்னாங்க, அதோட அந்த ஆசை முடிஞ்சுது. டீசல் சின்ன கார்ல இப்ப எங்க இருக்கு, மாருதி 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்குற புது புகை கட்டுப்பாட்டு விதி வந்தப்பவே டீசல மொத்தமா நிறுத்திட்டாங்க. முன்னாடி பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25, 30 ரூபாய் வித்தியாசம் இருந்த காலத்துல டீசல் காருக்கு ஒரு லட்சம் கூட குடுக்குறது கணக்குக்கு சரியா வந்துச்சு. 2014 அக்டோபர்ல டீசல் விலைய மார்க்கெட்டுக்கு விட்டப்புறம் அந்த வித்தியாசம் கரைஞ்சுகிட்டே வந்து, நான் வண்டி எடுத்தப்ப சென்னைல பெட்ரோல் 100.75, டீசல் 92 சொச்சம். எட்டு ரூபாய்க்காக எவன் சின்ன வண்டில டீசல் இன்ஜின மாட்டுவான், அந்த இடத்துக்கு தான் சிஎன்ஜி வந்து உக்காந்துச்சு. இன்னிக்கு மாருதி விக்குற வண்டில கிட்டத்தட்ட மூணுல ஒண்ணு சிஎன்ஜி.

சரி வண்டிக்கு வருவோம். 998 சிசி, மூணு சிலிண்டர். நாலு சிலிண்டர் ஓட்டி பழகுனவங்களுக்கு சிக்னல்ல நிக்கும்போது ஸ்டியரிங்ல ஒரு சின்ன நடுக்கம் தெரியும், ஒரு வாரத்துல பழகிடும். சிலிண்டர் ஒண்ணு கம்மின்னா உள்ள உரசுற சாமானும் கம்மி, அதுல கொஞ்சம் மைலேஜ் மிச்சம். பெட்ரோல்ல ஓடும்போது ஒரு சிலிண்டருக்கு எரிபொருள தெளிக்குற இன்ஜெக்டர் ரெண்டு, பெட்ரோல் இன்னும் பொடியா தெளிக்கும், நல்லா எரியும், அதுல கொஞ்சம். வண்டி எடை ஒரு டன்னுக்கும் கம்மி, அதுல நிறைய. டயர் அகலம் 165 மில்லிமீட்டர் தான், பின்னாடி இருந்து பாத்தா பெரிய உடம்புக்கு சின்ன செருப்பு போட்ட மாதிரி இருக்கும், ஆனா ரோட்டுல உருள்றதுக்கு இழுவை கம்மி. எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னா, இந்த வண்டில எத தொட்டாலும் அது பெட்ரோல் விலைய மனசுல வச்சு பண்ணதுன்னு புரியும். டிசைன் பண்ணவன் பக்கத்துல பங்க் பில்ல ஒட்டி வச்சுட்டு தான் வரைஞ்சிருப்பான் போல.

வேகன் ஆர் மாதிரி உசரமான பெட்டி வடிவ கார டால் பாய்னு சொல்வாங்க, இந்த ஐடியாவே ஜப்பான்ல வந்தது. அங்க கேய் கார்னு ஒரு வகை, நீளம் 3.4 மீட்டர், இன்ஜின் 660 சிசி, அதுக்கு மேல போக கூடாது, போகலன்னா வரி சலுகை. நீளமும் அகலமும் குடுக்க மாட்டேன்னு கவர்மென்ட் சொல்லிட்டா மேல தானே போக முடியும், அதான் 1993ல சுசுகி அங்க வேகன் ஆர உசரமா பண்ணாங்க. நம்மூருக்கு 1999 கடைசில வந்துச்சு. நம்மூர்லயும் அதே கதை தான், 2006 பட்ஜெட்ல 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள இருந்தா வரி கம்மின்னு வச்சாங்க, அப்புறம் எல்லா கம்பெனியும் டேப்ப கைல எடுத்துகிட்டு அலைஞ்சாங்க. 2012ல வந்த மாருதி டிசையர் செடான ஞாபகம் இருக்கா, 3995 மில்லிமீட்டர்ல நிக்கணும்னு பின்னாடி வால அறுத்த மாதிரி டிக்கிய வெட்டி விட்டாங்க. ஆக பெட்ரோல் விலை மட்டும் கார சின்னதாக்கல, வரியும் சேர்ந்து தான் அமுக்குச்சு. இப்ப அதோட இன்னொண்ணு, ஒரு கம்பெனி விக்குற மொத்த காரோட சராசரி கார்பன் புகை கிலோமீட்டருக்கு 113 கிராம தாண்ட கூடாதுன்னு 2022-23ல இருந்து ரூல். பெரிய எஸ்யூவி வித்து லாபம் பாக்குறவனுக்கும் சராசரிய இறக்க கொஞ்சம் சிஎன்ஜியோ ஹைப்ரிடோ எலக்ட்ரிக்கோ வேணும். ஒரகடம் ரோட்டுல தினமும் கார் ஏத்துன கேரியர் லாரி பின்னாடி தான் போறேன், மேல பாத்தா எல்லாம் எஸ்யூவி மாதிரி தான் நிக்கும், விக்குறதுல பாதிக்கு மேல அந்த ஜாதி தான், ஆனா உள்ள நிறைய வண்டில 1 லிட்டரோ 1.2 லிட்டரோ இன்ஜின். ஜிம்முக்கு போகாம பேடு வச்ச சட்ட போட்ட மாதிரி.

மைலேஜ். கம்பெனி சொல்றது ஒரு கிலோ கேஸுக்கு 34.05 கிலோமீட்டர். அது லேப்ல உருளை மேல ஏசி இல்லாம ஓட்டி எடுக்குற நம்பர், அத நம்பி யாரும் சண்டைக்கு போகாதீங்க. நான் ஒவ்வொரு தடவ கேஸ் போடும்போதும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன், மனைவி சிரிப்பா, பரவால்ல. தாம்பரம் ஒரகடம், ஏசி போட்டு, ட்ராஃபிக்கோட 27. திண்டிவனம் ரோட்டுல 80ல போனா 31. ஒரு தடவ போட்டத வச்சு கணக்கு பாக்காதீங்க, பங்க்ல பிரஷர் ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது, பத்து தடவ போட்டு சராசரி எடுங்க.

இப்ப காசு. பழைய செடான்ல மாசம் 1300 கிலோமீட்டருக்கு 100 லிட்டர், பத்தாயிரம் ரூபாய். இதுல 48 கிலோ கேஸ், கிலோ 90 ரூபாய் பக்கம், 4300 சொச்சம். மாசம் 5700 மிச்சம். கேக்க நல்லா தான் இருக்கு. ஆனா இது ஏமாத்து கணக்கு, ஏன்னா இதே வேகன் ஆர் பெட்ரோல்ல எடுத்திருந்தாலே மிச்சம் வந்திருக்கும். பெட்ரோல் வண்டி இதே ரூட்டுல 18 குடுக்குதுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் வச்சிருக்கார், அவர் கணக்குப்படி 72 லிட்டர், 7300 ரூபாய். அப்ப சிஎன்ஜியால மட்டும் எனக்கு மிச்சம் மாசம் 3000 தான். சிஎன்ஜிக்கு கூட குடுத்தது 90 ஆயிரத்துக்கு மேல, அது திரும்பி வர ரெண்டரை வருஷம் ஆகும். நான் இன்னும் பாதி தூரம் தாண்டி கொஞ்சம் தான் வந்திருக்கேன். நீங்க மாசம் 500 கிலோமீட்டர் தான் ஓட்டுவீங்கன்னா மிச்சம் 1100 ரூபாய் வரும், போட்ட காசு திரும்ப ஆறு வருஷத்துக்கு மேல ஆகும், தயவு செஞ்சு பெட்ரோல் எடுத்துட்டு டிக்கிய காப்பாத்திக்கோங்க.

டிக்கி. கம்பெனி பெட்ரோல் வண்டிக்கு 341 லிட்டர்னு போட்டிருக்கும், சிஎன்ஜில அந்த இடத்துல 60 லிட்டர் கேஸ் சிலிண்டர் குறுக்க படுத்திருக்கு. மிச்ச சந்துல ஒரு லேப்டாப் பேக், ஒரு குடை, ரெண்டு தண்ணி பாட்டில். போன பொங்கலுக்கு ஊருக்கு போயிட்டு திரும்பும்போது அம்மா 25 கிலோ அரிசி மூட்டை, தேங்காய், ஒரு பரங்கிக்காய்னு திண்ணைல அடுக்கி வச்சுட்டு நின்னாங்க. டிக்கிய திறந்து காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "கேஸ் அடுப்புக்கு வைக்கிற எடத்துல வைக்காம இங்க ஏன்டா வச்சிருக்க"ன்னாங்க. கடைசில அரிசி மூட்டை பின் சீட்ல சீட் பெல்ட் போட்டு உக்காந்துச்சு, பையன் பரங்கிக்காய மடில வச்சுட்டு வந்தான். 2023ல டாடா சிலிண்டர ரெண்டா பிரிச்சு கீழ வச்சு டிக்கிய காப்பாத்துனாங்க, அடுத்த வருஷம் ஹூண்டாயும் அத பண்ணாங்க. சாமான் ஏத்துற குடும்பம்னா அத போய் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, நான் மெயின்டனன்ஸ் செலவ பாத்து இதுல விழுந்தேன்.

பவர். பெட்ரோல்ல 67 குதிரை, கேஸ்ல 57. எந்த சிஎன்ஜி வண்டியும் இப்படித்தான், காத்து போற இடத்த கேஸ் அடைச்சுக்கும். தனியா ஆபீஸ் போறதுக்கு வித்தியாசமே தெரியாது. ஏற்காடு போனப்ப தெரிஞ்சுது. நாலு பேர், 20 கொண்டை ஊசி, ஏசி ஆன்ல. மூணாவது வளைவுலயே ஏசிய அணைச்சேன், அஞ்சாவதுல பட்டன தட்டி பெட்ரோலுக்கு மாத்துனேன், அப்புறம் ஒழுங்கா ஏறிடுச்சு. மலைக்கு போறீங்கன்னா அடிவாரத்துலயே மாத்திடுங்க, வீம்பு வேணாம். இறங்கும்போது நியூட்ரல்ல விடாதீங்க, எங்க மாமா அம்பாசிடர்ல இன்ஜின அணைச்சுட்டே இறக்கத்துல வருவார், அது கார்புரேட்டர் காலம். இப்ப வர்ற வண்டில கியர்ல வச்சு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தாலே இன்ஜெக்டர் எரிபொருள நிறுத்திடும், நியூட்ரல்ல விட்டா தான் இன்ஜின் ஓட கொஞ்சம் குடிக்கும், பிரேக்கும் சூடாகும்.

கேஸ் போடுறது ஒரு தனி வாழ்க்கை. எல்லாரும் வண்டிய விட்டு இறங்கணும், மூடி திறந்திருந்தா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. 200 பார் பிரஷர்ல ஏத்துவாங்க, உள்ள புஸ்ஸுன்னு ஒரு சத்தம். நல்லா ஏறுனா எட்டு கிலோ, 210 கிலோமீட்டர் ஓடும், அதாவது நாலு நாளைக்கு ஒரு தடவ க்யூ. சாயங்காலம் ஏழு மணிக்கு ஆட்டோ, டாக்ஸி எல்லாம் சேர்ந்து நிக்கும்போது முக்கால் மணி நேரம் போயிடும். நான் வழக்கமா போற பங்க் பேரு வேணாம், ஒரு நாள் 40 நிமிஷம் நின்னு முறை வந்தப்புறம் பிரஷர் இல்ல சார்னு அஞ்சரை கிலோவோட குழாய கழட்டிட்டான், அதுவும் முகத்த பாக்காம. மத்தியான வெயில்ல போனா கேஸ் விரிஞ்சு இருக்குறதால எப்பவும் கம்மியா தான் ஏறும், காலைல சீக்கிரம் போறது நல்லது. பெட்ரோல் டேங்க காய விடாதீங்க, ஸ்டார்ட் ஆகுறது பெட்ரோல்ல தான், கொஞ்ச தூரத்துல தானா கேஸுக்கு மாறிக்கும். மூணு வருஷத்துக்கு ஒரு தடவ கேஸ் சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணிய அழுத்தி ஏத்தி தாங்குதான்னு பாக்குற சோதனை, கட்டாயம், எனக்கு 2027ல.

பாதுகாப்பு பத்தி பேசாம விட்டா தப்பு. 2023 ஏப்ரல்ல குளோபல் என்கேப்னு கார் பாதுகாப்ப சோதிக்குற அமைப்பு இத மோதி பாத்து பெரியவங்களுக்கு ஒரு ஸ்டார், குழந்தைங்களுக்கு ஜீரோ குடுத்தாங்க. தெரிஞ்சு தான் வாங்குனேன், பையன பின்னாடி உக்கார வைக்கும்போது சில நாள் அது ஞாபகம் வரும். எடைய குறைச்சு மைலேஜ ஏத்துனதெல்லாம் சரி, அதோட விலை இங்க தான் நிக்குதுன்னு நெனைக்கிறேன். என் வண்டில ரெண்டு ஏர்பேக். நான் வாங்கி பத்து மாசத்துல, 2025 மே மாசம், ஆறு ஏர்பேக் ஸ்டாண்டர்ட்னு அறிவிச்சாங்க. அது போதாதுன்னு செப்டம்பர் 22ல சின்ன காருக்கு ஜிஎஸ்டிய 18 சதவீதமா இறக்குனாங்க, நான் கட்டுனது செஸ்ஸோட 29. நமக்கு ராசி அப்படி.

அதனால இப்ப வாங்குறவங்க என்ன விட அதிர்ஷ்டசாலிங்க தான். தினமும் 40 கிலோமீட்டருக்கு மேல ஓட்டம், வீட்டுக்கு பக்கத்துல பங்க், சாமான் அதிகம் ஏத்த மாட்டீங்க, அப்படின்னா கண்ண மூடிட்டு எடுக்கலாம். உள்ள ஏறி இறங்க அவ்ளோ வசதி, முட்டி வலி இருக்குற எங்கப்பா முன் சீட்ல நாற்காலில உக்கார மாதிரி உக்காருவார், செடான்ல அவர கைய புடிச்சு தூக்கணும். ஷோரூம்ல ஆக்சஸரீஸ் கிட்டுன்னு ஒரு பில்ல நீட்டுவாங்க, எனக்கு நீட்டுனது 22 ஆயிரம், கால் மிதியடி தவிர எல்லாத்தையும் அடிச்சுட்டு குடுத்தேன், மூஞ்சி சுருங்குச்சு, வண்டி குடுக்காம இருக்கல.

படப்பை, மணிமங்கலம் பக்கம் காலைல ஆறு மணிக்கு பிரஷர் நல்லா இருக்குற பங்க் யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்கப்பா, இந்த பொங்கலுக்கு அம்மா ரெண்டு மூட்டைன்னு சொல்லியிருக்காங்க.