முனை தேய்ந்தாலும் கைகொடுக்கும் இஷி கோல்

டெக்சாஸில் ஜார்ஜ்டவுன் பகுதிச் சிக்கிமுக்கிக் கல்லைச் செதுக்கிப் பழகுபவன் நான். இந்த இஷி கோலைத் தாராளமாக வாங்கலாம். 1911இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்த யாஹி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவரான இஷியின் பெயரைத் தாங்கிய கருவி இது. நீண்ட மரப்பிடி, நுனியில் செம்புக் கம்பி. பிடியை முழங்கையோடு அணைத்து அழுத்தினால் கல் விளிம்பிலிருந்து மெல்லிய சில்லு பெயரும்.

செம்பு மழுங்கத்தான் செய்யும். உடனே அரத்தை எடுக்காதீர்கள், உலோகம் வீணாய்ப் போகும். கம்பியைப் பட்டறைக்கல்லில் வைத்து உருட்டிக்கொண்டே சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். முனை கூராகும், செம்பும் இறுகி அதிக நேரம் உழைக்கும். அளவுக்கு மீறி இறுகினால் விரிசல் விடும். அப்போது சிவக்கக் காய்ச்சினால் மறுபடி இளகிவிடும்.

இதற்கெல்லாம் வசதி செய்வது இதிலுள்ள திருகாணிதான். தளர்த்தினால் கம்பி கையோடு வந்துவிடும், தேயத்தேய வெளியே இழுத்தும் வைக்கலாம். முன்பு வேறிடத்தில் வாங்கியதில் கம்பியைப் பசைபோட்டு ஒட்டியிருந்தார்கள். முனை தேய்ந்ததும் பிடியையே தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அநியாயம்!

குறை ஒன்றே: பிடி வழுக்குகிறது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறேன்.