வேளச்சேரி டு அண்ணா சாலை: பறக்கும் ரயிலா, மெட்ரோவா, பஸ்ஸா?

பைக்கை விற்று எட்டு மாதம் ஆகிறது. வீடு வேளச்சேரி, ஆபீஸ் அண்ணா சாலையில் எல்.ஐ.சி. பக்கம். மூன்று வழியிலும் மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்துவிட்டு, இப்போது ஆயிரம் ரூபாய் மாதப் பாஸ் எடுத்து பஸ்ஸில் போகிறேன். மெட்ரோ இருக்கும்போது பஸ் எதற்கு என்று ஆபீஸில் கேட்காதவர்கள் இல்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். பறக்கும் ரயில்தான் மலிவு, நான் இறங்கும் சிந்தாதிரிப்பேட்டை வரை ஐந்து ரூபாய். மெட்ரோதான் அதிகம். பஸ் நடுவில். மூன்றுமே பெட்ரோலைவிடக் குறைவு, அதனால் பணத்தை வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

பறக்கும் ரயிலில் எனக்குப் பிடித்தது, ஏறிய இடத்திலேயே உட்கார சீட் கிடைப்பதும் சிக்னலே இல்லாமல் போவதும். ஆனால் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு நிறைய நேரம் நிற்க வேண்டும், இறங்கிய பிறகு நடையும் இருக்கிறது. இந்தப் பாதை 2007-ல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு நீட்ட வேண்டியிருந்தது வெறும் ஐந்து கிலோமீட்டர். அதில் கடைசி 500 மீட்டர் நில வழக்கில் மாட்டி, வருடக்கணக்கில் தூண்கள் மட்டும் நின்றன. அப்புறம், கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நான்காவது தண்டவாளம் போட வேண்டுமென்று 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை ரயில்கள் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றன. தண்டவாளம் போட்டது சரிதான். ஆனால் ஒரு துறையின் வேலையால் பதினான்கு மாதம் வழி இழந்த பயணிக்கு மாற்று என்ன என்று எல்லாத் துறைகளையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அதற்காகத்தான் கும்டா, அதாவது சென்னையின் பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் போக்குவரத்துக் குழுமம். சட்டம் வந்தது 2010-ல், அமலுக்கு வந்தது 2019-ல், முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில்.

மெட்ரோ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுத்தம், குளிர், நேரம் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. வீடும் ஆபீஸும் ஸ்டேஷன் பக்கத்தில் என்றால் யோசிக்காமல் அதில் போங்கள். எனக்கு ஷேர் ஆட்டோ பிடித்து கிண்டி, அங்கே படியேறி பிளாட்பாரம், அப்புறம் எல்.ஐ.சி. ஸ்டேஷனில் தரைக்கடியிலிருந்து மேலே வர வேண்டும். ரயிலுக்குள் இருக்கும் நேரத்தைவிட ரயிலைப் போய்ச் சேரும் நேரம்தான் அதிகம்.

நான் பார்த்தது காத்திருப்பையும் மாறுவதையும்தான். பஸ்ஸுக்குள் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டமில்லை. எப்போது வரும் என்றே தெரியாமல் வெயிலில் இருபது நிமிடம் நிற்பதுதான் மனிதரை பைக் ஷோரூமுக்குத் துரத்துகிறது. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று கிளம்பும் பஸ்கள் வழியில் மூன்றாகச் சேர்ந்து வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். முதல் வண்டி கொஞ்சம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் கூடிவிடும், அவர்கள் ஏறி டிக்கெட் வாங்க இன்னும் தாமதமாகும், பின்னால் வரும் வண்டிக்கு ஏற ஆளே இருக்காது, அது காலியாக ஓடிவந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். டிரைவர் என்ன செய்தாலும் இது தீராது. கிளம்பும் இடத்திலும் வழியிலும் இடைவெளியைப் பார்த்து வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி அனுப்புவதற்கு ஆள் வேண்டும், சைதாப்பேட்டை மாதிரி இடங்களில் பஸ்ஸுக்கு என்று தனிப் பாதை வேண்டும்.

இதில் எனக்கு நம்பிக்கை தருவது புது மின்சார பஸ்கள். 2025 ஜூனில் வியாசர்பாடியில் 120 வண்டியோடு ஆரம்பித்து, ஆகஸ்டில் பெரும்பாக்கம் டெப்போவுக்கும் வந்தன. தனியார் நிறுவனம் வண்டியும் டிரைவரும் பராமரிப்பும் தர, மாநகரப் போக்குவரத்துக் கழகம் கண்டக்டரைப் போட்டு, ஓடும் கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கிறது. கலெக்‌ஷனுக்காகக் கூட்டத்தைத் துரத்தும் அவசரம் அந்த நிறுவனத்துக்கு இல்லை. ஆனால் கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் மூன்று வண்டி சேர்ந்து ஓடினாலும் பணம் வந்துவிடும். லண்டனில் அடிக்கடி பஸ் வரும் வழித்தடங்களில், பயணிகள் அட்டவணைக்கு மேல் சராசரியாக எவ்வளவு நேரம் கூடுதலாகக் காத்திருந்தார்கள் என்று அளந்து, அதற்கேற்ப நிறுவனத்துக்குப் பணத்தைக் கூட்டுகிறார்கள், பிடிக்கிறார்கள். இங்கும் அந்த ஒரு நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம் என்பது நல்ல விஷயம், ஆனால் டிக்கெட் எடுத்தபின் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

போன மாதம் அம்மாவை ராயப்பேட்டைக்குக் கூட்டிப்போனேன். முழங்கால் வலி, இரண்டு வருடமாக ஆட்டோ தவிர எதிலும் ஏறியதில்லை. தாழ்தள பஸ் ஸ்டாப்பில் நின்றதும் புஸ்ஸென்று காற்று விட்டு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. அம்மா என் கையைப் பிடிக்கவே இல்லை, கம்பியைத் தொட்டு ஒரே எட்டில் உள்ளே போய் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். “அடுத்த தடவை நானே வந்துக்கறேன்” என்றார்.

இரவு பத்து மணிக்கு மேல் நான் பஸ்ஸில் அதிகம் போனதில்லை, அந்த நேரத்து ஷிப்ட் ஆட்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கனமழை நாளிலும் அப்படித்தான். வேளச்சேரியில் தண்ணீர் தேங்கினால் பஸ் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு மட்டும் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு பறக்கும் ரயிலுக்குத்தான் போகிறேன், அது மேலே ஓடுகிறது.