பேக்கப்: ஹார்ட் டிஸ்க்கா, நாஸ் பெட்டியா, கிளவுடா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பத்து கம்ப்யூட்டரும் டேலி கணக்கு மென்பொருள் ஓடும் ஒரு சர்வரும் வைத்து ஓடும் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த டேட்டா 500 ஜிபி. கோப்புகளைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்க்காரர்கள், உள்ளே நுழைந்த உடனே பூட்டுவதில்லை. முதலில் பேக்கப்பைத் தேடி அழிப்பார்கள். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் ஷேடோ காப்பிகளும் (கோப்புகளின் பழைய பிரதிகள்) ஒரே கட்டளையில் போய்விடும். அதனால் விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சர்வரின் அட்மின் பாஸ்வேர்டு திருடன் கையில் இருந்தால், எந்தப் பிரதி மிஞ்சும்?

ரிச்சி தெருவில் வாங்கும் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டால் எந்த ஹேக்கராலும் தொட முடியாது. ஆனால் பல அலுவலகங்களில் அது இரவும் பகலும் சர்வரிலேயே செருகிக் கிடக்கிறது. சர்வர் பூட்டப்பட்டால் அதுவும் பூட்டப்படும். எனவே இரண்டு டிஸ்க் வாங்குங்கள். திங்கள், வியாழன் மாற்றி மாற்றிச் செருகி, மற்றதை வேறு கட்டடத்தில், மேல்மாடியில் வையுங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த ஊரில் தரைத்தள பீரோ பாதுகாப்பான இடமல்ல. டேலி ஓடிக்கொண்டிருக்கும்போது டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யவும் கூடாது. பாதி எழுதிய கோப்பு வந்து சேரும், மீட்கும் நாளில் திறக்காமல் போகலாம். எல்லோரும் வெளியேறிய பிறகு டேலியிலேயே ஆல்ட்டும் ஒய்யும் அழுத்தி பேக்கப் எடுங்கள். இந்த வழியின் ஒரே பலவீனம், டிஸ்க்கை மாற்ற ஒருவர் மறவாமல் இருக்க வேண்டும்.

நாஸ் என்பது அலுவலக நெட்வொர்க்கில் இணைத்து எல்லோரும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி. அதன் பலம் வேகம். கிகாபிட் லேனில் 500 ஜிபியை ஒன்றரை மணி நேரத்தில் திருப்பி எடுக்கலாம். குறிப்பிட்ட நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி இருந்தால், பூட்டப்பட்ட கோப்பின் நேற்றைய நிலையும் கிடைக்கும். ஆனால் கம்ப்யூட்டர்களில் இசட் டிரைவாக இணைத்த பொது ஃபோல்டர் மட்டும் இருந்து ஸ்னாப்ஷாட் இல்லாவிட்டால் அது யுஎஸ்பி டிஸ்க்கைப் போலவே மாட்டிக்கொள்ளும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு முறை, டிஸ்க் பழுதைத் தாங்கும், ஹேக்கரைத் தாங்காது. வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்து விடுவதுதான் பெரிய தவறு. 2022 ஜனவரியில் டெட்போல்ட் ரான்சம்வேர் இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவன நாஸ்களைத்தான் குறிவைத்தது. நாஸ் அட்மினுக்கு சர்வரில் இல்லாத தனி பாஸ்வேர்டும் ஓடிபியும் வையுங்கள்.

கிளவுடில் ஒன்டிரைவ் மாதிரி, கம்ப்யூட்டரில் நடக்கும் மாற்றத்தை அப்படியே கிளவுடிலும் செய்யும் சிங்க்கைப் பேக்கப் என்று நம்பக் கூடாது. இங்கே பூட்டப்பட்ட கோப்பு அங்கேயும் ஏறிவிடும். ஆப்ஜெக்ட் லாக், அதாவது குறித்த நாள் வரை கோப்பை அழிக்கவிடாத வசதி, கொண்ட ஸ்டோரேஜ் வேறு ரகம். கம்ப்ளையன்ஸ் முறையில் 30 நாள் பூட்டினால், கணக்கின் உரிமையாளரே நினைத்தாலும் அதற்குள் அந்தக் கோப்பை அழிக்க முடியாது. இதில் சிக்கல் நேரம்தான்: 100 எம்பிபிஎஸ் லைனில் 500 ஜிபியைத் திரும்ப இறக்க முழு வேகம் கிடைத்தாலே 11 மணி நேரம் ஆகும். பல சேவைகளில் அப்படி இறக்கக் கட்டணமும் உண்டு.

இந்த அளவு நிறுவனத்துக்கு எங்கள் தேர்வு: ஸ்னாப்ஷாட் உள்ள நாஸ், கூடவே மாற்றிச் செருகும் இரண்டு டிஸ்க். கிளவுடுக்கு டேலி டேட்டாவும் டிராயிங்குகளும் மட்டும் போதும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அந்த இரண்டு டிஸ்க்கை வாங்குங்கள்.

எதை எடுத்தாலும், திருடன் வந்த வழியை அடைக்காமல் மீட்காதீர்கள். வெளியிலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட் இணையத்துக்குத் திறந்தே இருந்தால் மறுபடியும் அதே வழியாக வருவான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் பேக்கப்பை மீட்டு, டேலியைத் திறந்து, பேக்கப் எடுத்த நாளின் கடைசி வவுச்சர் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.