பத்து எலும்பு ஸ்லைடுகள் அடங்கிய பெட்டி: மாடு அருமை, மனிதன் ஏமாற்றம்

எங்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்துக்காக, வேலூரில் ஆய்வகப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் பத்து எலும்பு ஸ்லைடுகள் அடங்கிய மரப்பெட்டியைச் சென்ற மாதம் 2,400 ரூபாய்க்கு வாங்கினோம். மாடு, முதலை, கோழி ஆகியவற்றோடு ஒரு டைனோசர் எலும்பின் சீவலும் இருந்ததே வாங்கக் காரணம்.

கன்றுக்குட்டியின் தொடை எலும்புச் சீவல் ஒன்றுக்கே பாதி விலை கொடுக்கலாம். இரத்தக் குழாய்களின் பாதைகள் செங்கல் வரிசைபோல அடுக்கடுக்காக அமைந்திருப்பது, விரைந்து வளரும் எலும்பின் அடையாளம். அதைப் பார்த்த கையோடு டைனோசர் சீவலைப் பார்த்தால், நிறைய குழாய்ப் பாதைகளுடன் கூடிய அதே நெருக்கம் அங்கும் தெரிய, பக்கத்தில் வைத்த முதலை எலும்போ குழாய்கள் குறைந்து, மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல வளர்ச்சி நின்ற கோடுகளைக் காட்டுகிறது. டைனோசரிலும் அக்கோடுகள் உண்டு. சிக்காகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் உள்ள ‘சூ’ என்ற டைரனோசாரஸ் சுமார் 28 வயதில் இறந்தது என்று 2004இல் கணித்ததும் இத்தகைய கோடுகளை எண்ணித்தான்.

குறை மனித எலும்பில் இருக்கிறது. கிளாப்டன் ஹாவர்ஸ் 1691இல் விவரித்ததால் அவர் பெயரைத் தாங்கிய குழல்களும், அவற்றைச் சுற்றிய வளையங்களும் தெரிகின்றன. ஆனால் செல்கள் இருந்த குழிகளையும், அவற்றிலிருந்து சிலந்திக் கால்கள்போலப் பிரியும் நுண்கால்வாய்களையும் காணோம். உலர்ந்த எலும்பைத் தேய்த்துச் செய்யும் சீவலில் இக்குழிகளுக்குள் காற்று தங்கினால்தான் அவை கறுப்பாகத் தெரியும். சீவலைக் கண்ணாடியில் பதிக்கும் கனடா பால்சம் என்ற பிசினை நீர்க்கவிட்டதால் அது உள்ளே புகுந்துவிட்டிருக்கிறது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார், மாற்றியதும் அப்படியே இருந்தது.

இந்தப் பிழை மீன் ஸ்லைடுகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களின் எலும்பில் செல்கள் உண்டு. ஜிலேபி மீனின் எலும்பில் அவை இல்லை. ஆனால் ‘மீன் 1’, ‘மீன் 2’ என்று மட்டும் ஒட்டியிருக்க, குழிகளே தெரியாத இரண்டாவது ஸ்லைடு உண்மையில் செல்லற்ற எலும்பா, பால்சம் செய்த வேலையா என்று மாணவர் எப்படி முடிவு செய்வார்? சந்தையில் வாங்கிய ஜிலேபியின் முள்ளை உப்புத்தாளில் தேய்த்து நாங்களே ஒன்று செய்து ஒப்பிட வேண்டியதாயிற்று. (குழம்பும் நன்றாக இருந்தது.)

தவளையும் கோழியும் பழுதில்லை. ஒப்பிட்டுக் கற்பிக்க விரும்பும் துறைகள் வாங்கலாம். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே நுண்நோக்கியைக் கேட்டு வாங்கி, மனித எலும்பின் ஸ்லைடில் அந்தக் கறுப்புக் குழிகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.