டர்போ காரின் கன்வெர்ட்டர்: விட்டுவைப்பதா, மாற்றுவதா, கழற்றி எறிவதா?

"கன்வெர்ட்டரைக் கழற்றிட்டு வெறும் குழாயைப் போடு, கார் பறக்கும்" என்ற யோசனை, டர்போ ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய கையோடு யாராவது ஒருவரிடமிருந்து வந்துவிடும். கன்வெர்ட்டர் என்பது புகைக்குழாயில் இருந்து நச்சுப்புகையைச் சுத்திகரிக்கும் பெட்டி (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்). அந்த யோசனையில் பாதி உண்மை. மீதிப் பாதி, கூடுதல் சத்தத்தைக் கூடுதல் பவர் என்று காது நம்பிவிடுவதால் வருவது. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாலையில் ஓடும் காருக்கு 200 செல் ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டரும் (உள்ளே நுண்குழல்கள் குறைவான, தடை குறைந்த வகை) ஒழுங்கான டியூனும் (இன்ஜின் மென்பொருளைச் சரிசெய்வதும்) போதும். வெறும் குழாய் பந்தயத் தடத்துக்கு மட்டும். அதுவும் டர்போவை அடக்கும் வேஸ்ட்கேட் வால்வு தாங்கினால்.

டர்போ இல்லாத இன்ஜினில் கன்வெர்ட்டரைக் கழற்றினால் கிடைப்பது பெரும்பாலும் சொற்பம். டர்போ இன்ஜினில் கணக்கு வேறு. வெளியேறும் வாயுவால் சுழலும் டர்போவின் சக்கரம்தான் டர்பைன். அதைச் சுழற்றுவது அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதம். எடுத்துக்காட்டாக, டர்பைனுக்கு முன் 2.4 பார், பின் 1.4 பார் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் ஏறக்குறைய 1.7. பின்னால் இருக்கும் அடைப்பைக் குறைத்து 1.2 பாருக்குக் கொண்டுவந்தால், அதே விகிதத்தைப் பெற முன்பக்கம் 2.06 பார் இருந்தாலே போதும். அதாவது பின்னால் 0.2 பார் குறைத்தது, இன்ஜின் பக்கம் 0.34 பாராகத் திரும்பி வருகிறது. சிலிண்டரில் எரிந்த வாயு எளிதாக வெளியேறுகிறது, டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்கிறது, கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை கிடைக்கிறது. உச்ச பவர் எண்ணைவிட இந்த விழிப்புதான் ஓட்டும்போது தெரியும்.

ஆக, அடைப்பைக் குறைக்க வேண்டும் என்பதில் சண்டை இல்லை. எவ்வளவு குறைப்பது, எந்த இடத்தில் குறைப்பது என்பதில்தான்.

எந்தக் கன்வெர்ட்டர்?

பல கார்களில் ஒன்றுக்கு மேல் இருக்கும். டர்போவை ஒட்டி, அதிலிருந்து இறங்கும் குழாயான டவுன்பைப்பில் முதல் கன்வெர்ட்டர். காரின் வயிற்றுக்கு அடியில் இரண்டாவது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காகத்தான் முதலாவதை அவ்வளவு நெருக்கமாக வைக்கிறார்கள். ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸை எட்டிய பிறகுதான் அது சரியாக வேலை செய்யத் தொடங்கும். நச்சுப்புகையைக் குறைப்பதில் பெரும் வேலை அதனுடையது. வாயுவோட்டத்தைத் தடுப்பதிலும் முதல் இடம் அதற்குத்தான். இரண்டாவதை மட்டும் எடுத்தால் சத்தம் கொஞ்சம் கூடும், பவர் பெரிதாகக் கூடாது. பெரும்பாலான கார்களில் சென்சார் கண்காணிப்பது முதல் கன்வெர்ட்டரைத்தான் என்பதால் எச்சரிக்கை விளக்கும் எரியாமல் போகலாம். லாபமும் குறைவு, தொல்லையும் குறைவு. ஆனால் சட்டத்தின் கண்ணில் இதுவும் கழற்றியதுதான்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு ஜப்பானியக் கார்கள் நல்ல பாடம். சுபாரு டபிள்யூஆர்எக்ஸின் சில பழைய மாடல்களில், டர்போவுக்கு முன்னால் உள்ள அப்பைப்பிலேயே ஒரு சின்னக் கன்வெர்ட்டர் இருந்தது. அது உள்ளே உடைந்தால் துண்டுகள் நேராக டர்பைன் இறக்கைகளில் போய் மோதும். அதை மாற்றியவர்களின் முதல் நோக்கம் பவர் அல்ல, டர்போவைக் காப்பாற்றுவது. மஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டியில் டர்போவை ஒட்டிய முன் கன்வெர்ட்டர் பானட்டுக்கு அடியில் கடும் வெப்பத்தைத் தேக்கியதால், பலர் முதலில் கைவைத்ததே அதில்தான். ஆனால் அதே காரில் பிரதான கன்வெர்ட்டரையும் எடுத்து முழு வழியையும் திறந்துவிட்டவர்கள் வேறொரு வம்பில் மாட்டினார்கள். அதற்குக் கீழே வருகிறேன்.

ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டரும் வெறும் குழாயும்

கம்பெனி கன்வெர்ட்டரின் உள்ளே தேன்கூடு போன்ற அமைப்பு இருக்கும். ஒரு சதுர அங்குலத்துக்கு 400 அல்லது 600 நுண்குழல்கள் சாதாரணம். அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. ஸ்போர்ட்ஸ் வகையில் 200 அல்லது 300 குழல்கள், பெரும்பாலும் மெல்லிய உலோகத் தகட்டில் செய்தவை. சுவர்த் தடிமனை ஒதுக்கிவைத்துக் கணக்குப் போட்டால், அதே அளவுப் பெட்டியில் 600-லிருந்து 200-க்கு வரும்போது உராய்வால் வரும் அழுத்த இழப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். வாயு தொட்டுச் செல்லும் பரப்போ பாதிக்குச் சற்று மேல் மிஞ்சும். தடையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது, சுத்திகரிப்பு முழுதாகச் செத்துவிடவில்லை. இதைத் தாண்டி வெறும் குழாய்க்குப் போனால் கிடைப்பது எஞ்சிய அந்த மூன்றில் ஒரு பங்கு மட்டும்தான். மிகப் பெரிய டர்போ வைத்து வாயுவோட்டத்தை எக்கச்சக்கமாக ஏற்றிய காரில் அந்த எச்சமும் கணக்கில் வரும். கம்பெனி டர்போவோடு ஓடும் காரில் அதைப் பவரை அளக்கும் டைனோ இயந்திரம் காட்டலாம், உங்கள் முதுகு காட்டாது.

வெறும் குழாயின் விலையோ எடையோ பிரச்சினை இல்லை. இரண்டிலும் அது ஜெயிக்கிறது. உள்ளே உருகவும் உடையவும் எதுவும் இல்லை என்பதும் உண்மையான லாபம். தோற்பது அன்றாடத்தில். சிக்னலில் நிற்கும்போது ஜன்னல் வழியே பெட்ரோல் நாற்றம் உள்ளே வரும். நெடுஞ்சாலை வேகத்தில் காதை அடைக்கும் ஒரே சுருதி ரீங்காரம் வரும், ஏனென்றால் கன்வெர்ட்டர் ஒரு சைலன்சரின் வேலையையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள் எல்லாம் அப்படியே காற்றில் கலக்கும். நல்ல நிலையில் சூடாக இருக்கும் கன்வெர்ட்டர் இவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் மாற்றிவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரருக்கு நாம் கொடுப்பது என்ன என்று புரியும்.

ஸ்போர்ட்ஸ் வகைக்கும் பலவீனம் உண்டு. மலிவானவற்றில் விலையுயர்ந்த உலோகப் பூச்சைக் கஞ்சத்தனமாகப் பூசியிருப்பார்கள். சீக்கிரமே வெறும் தகரமாகிவிடும். ஆக்சிலரேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கும் டியூன் போட்டால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும். ஆக்சிலரேட்டரை விட்டாலும் டர்போ சுழன்றுகொண்டே இருக்க, சிலிண்டருக்கு வெளியே பெட்ரோலை எரிக்கும் ஆன்டி-லேக் அதைவிட மோசம். வெடிச்சத்தம் வேண்டும் என்பவர்கள் ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டருக்குக் காசு செலவழிப்பதில் அர்த்தமில்லை.

பூஸ்ட் கட்டுக்கடங்காமல் போவது

ஆர்எக்ஸ்-7 வம்பு இதுதான். வேஸ்ட்கேட் என்பது, பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் அழுத்தம்) இலக்கை எட்டியதும் உபரி வாயுவை டர்பைனைச் சுற்றி வெளியே விடும் வால்வு. பின்வழியைத் தாராளமாகத் திறந்தால் டர்பைன் எளிதாகச் சுழலும். அதை அடக்க, முன்பைவிட அதிக வாயுவை வேஸ்ட்கேட் வெளியேற்ற வேண்டும். அதன் துளை சின்னதாக இருந்தால், முழுக்கத் திறந்த பிறகும் ஆர்பிஎம் ஏற ஏறப் பூஸ்ட் தானாக ஏறும். எரிபொருள் கணக்கு அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் டெட்டனேஷன் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது), அப்புறம் பிஸ்டனோ, ஆர்எக்ஸ்-7 போன்ற ரோட்டரி இன்ஜினில் ரோட்டர் சீலோ காலி. எஃப்டி உரிமையாளர்கள் வேஸ்ட்கேட் துளையைக் கடைந்து பெரிதாக்கியது இதற்காகத்தான். வெறும் குழாய் போட்ட பிறகு டியூன் செலவு ஒன்றே என்று நினைப்பவர்கள் வேஸ்ட்கேட் வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கன்வெர்ட்டரின் அந்தச் சின்ன எதிரழுத்தம் பல கார்களில் ஒரு பாதுகாப்பாகவும் இருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டர் போட்டாலும் டியூன் தேவைதான். இல்லையென்றால் பூஸ்ட் இலக்கைத் தாண்டுவதைப் பார்த்து இன்ஜின் கணினியான ஈசியூ பவரைக் குறைத்துவிடும்.

பழைய கன்வெர்ட்டரின் உள்ளே இருப்பதை உடைத்துக் கொட்டிவிட்டு வெற்று உறையைத் திரும்ப மாட்டும் வழியும் உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது என்பதைத் தவிர அதில் ஒரு நன்மையும் இல்லை. குழாயில் வரும் வாயு திடீரென்று அகலமான காலி அறைக்குள் விரிந்து, மறுபடி குறுகும். ஓட்டம் குழம்பும், சத்தம் தகரடப்பா மாதிரி இருக்கும்.

சென்சாரும் சோதனையும்

கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், உள்ளே ஆக்சிஜன் சேமிப்பு நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நடக்கவில்லை என்றால், கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 பிழைக் கோடு, செக் இன்ஜின் விளக்கு. 200 செல் வகையிலும் இது வர வாய்ப்பு உண்டு. சென்சாரைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பேசரோ, மென்பொருளில் அந்தக் கண்காணிப்பை அணைப்பதோ விளக்கை அடக்கும், புகையை அடக்காது. அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டப்படி சாலைக் காரில் கன்வெர்ட்டரை நீக்குவதே குற்றம். பிரிட்டனின் வாகனத் தகுதிச் சோதனையான எம்ஓடியில், தயாரிப்பிலேயே வந்த கன்வெர்ட்டர் காணாமல் போயிருந்தால் தேர்ச்சி கிடையாது. ஸ்போர்ட்ஸ் வகையும் எல்லா இடத்திலும் தானாகச் சட்டபூர்வம் ஆகிவிடாது. கலிஃபோர்னியா போன்ற இடங்களில் அந்தக் குறிப்பிட்ட பாகத்துக்கு அனுமதி எண் இருக்க வேண்டும். வாங்கும் முன் உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், கழற்றிய கம்பெனி டவுன்பைப்பைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் உலோகத்துக்காக நல்ல விலை சொல்வார்கள்தான். ஆனால் காரை விற்கும் நாளில், வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.