டாஷ்போர்டில் முன் சக்கர லைட் மினுங்கினால் ட்ரான்ஸ்பர் பெட்டியைக் கழற்ற விடாதீர்கள்

பழைய டபிள் கெப் பிக்கப் வைத்து வயல் வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாரியில் 2,85,000 ரூபாவை ஒரு கராஜில் கொட்டினேன். பழுதாகிக் கிடந்ததோ சுண்டுவிரல் தடிப்புக்கூட இல்லாத ஒரு இறப்பர் குழாய்.

என்னுடையது மிட்சுபிஷி எல் 200, 2.5 லீட்டர் டீசல். லீவரை இழுத்து ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கிற ஓட்டம்) போடுகிற பழைய வகை. எங்கள் வயல் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம். மழை தொடங்கிவிட்டால் ஃபோர் வீல் இல்லாமல் யூரியா மூட்டையோடு உள்ளே போக முடியாது. ஒருநாள் 4எச் (லீவரின் ஃபோர் வீல் நிலை) போட்டதும் டாஷ்போர்டில் முன் சக்கரங்களுக்கான லைட் நிலையாக எரியாமல் மினுங்கிக்கொண்டே இருந்தது. சேற்றில் பின் டயர் மட்டும் சுற்றியது.

டவுனில் பெயர் எடுத்த கராஜ்தான். முதலாளி கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு ரவுண்ட் ஓட்டிவிட்டு வந்து, "தம்பி, ட்ரான்ஸ்பர் பெட்டி முடிஞ்சுது. உள்ளுக்குச் செயின் தேஞ்சிட்டு. கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து ஜப்பான் ரீகண்டிஷன் பெட்டி எடுத்துத் தாறன்" என்றார். எஞ்சின் விசையை முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற பற்சக்கரப் பெட்டிதான் அது. விதைப்பு நேரம். யோசிக்க ஏது அவகாசம்? மனைவியின் காப்பு வங்கிக்குப் போனது.

ஒன்பது நாள் கழித்து வண்டி வந்தது. அடியில் பளபளவென்று சில்வர் பெயின்ட் அடித்த பெட்டி. ஆனால் லைட் இன்னும் மினுங்கியது. கேட்டால், "அது சென்சர் பழசு. கண்ணுக்கு இடைஞ்சல் எண்டால் பல்ப்பைக் கழட்டி விடுறன்" என்றார். நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அடிக்க வேண்டும் போல இருக்கிறது. பிறகு 4எச் போட்டு, கராஜின் கொங்கிரீட் தரையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வட்டம் போட்டுக் காட்டினார். "பாருங்க, எவ்வளவு சொஃப்ட்!"

அந்த சொஃப்ட்தான் பொய்யைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியது. இந்த வண்டியில் நடு டிஃபரென்ஷியல் (முன் அச்சையும் பின் அச்சையும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதி) கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அளவு தூரம் ஓடுவதில்லை. ஆகவே ஃபோர் வீல் உண்மையில் விழுந்திருந்தால், காய்ந்த தரையில் முழு ஒடிப்பில் வண்டி இழுத்துப் பிடித்து முரண்டு பண்ணும். இலேசாகச் சுற்றினால் முன்பக்கம் சேரவே இல்லை என்று அர்த்தம். (முரண்டைப் பார்ப்பதற்காகத் தார் ரோட்டில் ஓட்டித் திரியாதீர்கள், பற்சக்கரத்துக்கு ஆகாது. நாலடி நகர்த்தினால் போதும்.)

அடுத்த கிழமை அதே வாய்க்கால் ஓரம் அதே சேறு, அதே கதை. மச்சான் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டான்.

கடைசியில் செங்கலடிப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் சாக்கு விரித்துக் கீழே படுத்தார், நானும் பக்கத்தில் படுத்தேன். முன் டிஃபரென்ஷியலின் வலப்பக்கம் ஒரு சின்ன டப்பா இருக்கிறது. அதுதான் முன் அச்சைச் சேர்த்துப் பிரிக்கிறது. அதை இயக்குவது கரண்ட் அல்ல, வெக்கியூம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவை. இரண்டு மெல்லிய குழாய்கள் வருகின்றன. எஞ்சினை ஓடவிட்டு, குழாய்களைக் கழற்றி நுனியில் விரலை வைக்கச் சொன்னார். 4எச்சில் ஒன்று விரலை உறிஞ்ச வேண்டும், 2எச்சில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மற்றது. என் வண்டியில் இரண்டுமே செத்துக் கிடந்தன. "ரெண்டும் இழுக்கல்லயெண்டால் பிழை மேலதான் மகன்" என்று எழும்பி பொனெட்டைத் திறந்தார். அல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் வெக்கியூம் பம்பிலிருந்து இரண்டு சொலினொய்ட் வால்வுக்கு (கரண்டில் திறந்து மூடும் வால்வு) வருகிற குழாய், எஞ்சின் சூட்டில் வெந்து வெடித்திருந்தது. புதுக்குழாய் 900 ரூபா, கூலி 2,500. பல்ப்பையும் அவரே போட்டுவிட்டார். லைட் நாலைந்து தடவை மினுங்கி, நிலையாக நின்றது.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் படுத்திருந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்பொரு தரம் ட்ரான்ஸ்பர் பெட்டியில் ஒரு போல்ட் புரி போனதால், அண்ணன் மேசி டிராக்டர் போல்ட் ஒன்றைப் போட்டு இறுக்கியிருந்தார். தலை பெரியது, தனியாகத் தெரியும். ஜப்பானிலிருந்து வந்த பெட்டியிலும் அதே போல்ட், அதே ஓட்டையில், சில்வர் பெயின்ட் பூசிக்கொண்டு நின்றது.

போய்க் கேட்டேன். "மாத்தினதெண்டு பில்லில எங்க இருக்கு?" என்றார். எடுத்துப் பார்த்தேன். 'ட்ரான்ஸ்பர் வேலை' என்று மட்டும்தான் இருந்தது. பாகத்தின் பெயர் இல்லை, இலக்கம் இல்லை. பழைய பெட்டியைத் திருப்பித் தா என்று நான் அன்றே கேட்டிருந்தால், கொடுக்க அவரிடம் ஒன்றும் இருந்திருக்காது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பில்லோடு, பெயின்ட் பாதி சுரண்டிய அந்தப் போல்ட்டின் படத்தையும் வைத்தேன். போல்ட்டை அண்ணன் கழற்ற விடவில்லை, சாட்சி அங்கேயே இருக்கட்டும் என்கிறார்.