பெரியார் காட்டில் மூன்று நாள், தைத்த ஷூவோடு

புதுச்சேரியில் இறங்கிய மறுநாளே அக்கா வீட்டுப் பரணிலிருந்து என் மலையேற்ற ஷூவை இறக்கினேன். ஆறு வருடம் முன்னால் வந்தபோது பெட்டியில் இடமில்லாமல் விட்டுப்போனது. மேல்தோல் புதுசு மாதிரியே இருந்தது. கையில் எடுத்து லேசாக வளைத்ததும் அடிப்பாகம் பாதி கழன்று நாக்கு மாதிரித் தொங்கியது.

அக்கா மகன், "விடுங்க மாமா, நேரு வீதியில புதுசு வாங்கிக்கலாம்" என்றான். மூன்று நாள் காட்டு நடைக்குப் புது ஷூவா? கால் கொப்புளம் கட்டிவிடும். பெரிய மார்க்கெட் ஓரத்தில் குடை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு செருப்பு தைப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் ஷூவை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு கட்டை விரலால் அடியை அழுத்தினார், மாவு மாதிரி உதிர்ந்தது. "எவ்ளோ நாளா போடாம வெச்சிருக்கீங்க? இந்த நுரை ரப்பர் நடந்தா தேயும், சும்மா வெச்சா பொடியும். கடல்காத்து வேற." பொடிந்ததை எல்லாம் சுரண்டி எடுத்தார். கறுப்பு ரப்பர் ஷீட் ஒன்றைக் கால் அளவுக்கு வெட்டி நடுவில் வைத்தார். பேஸ்ட் போட்டால் போதாதா என்று கேட்டேன். "பேஸ்ட் மட்டும் போட்டா மலையில போய் வாயத் தொறக்கும்." மெழுகு தேய்த்த நைலான் நூலால் குத்தூசி வைத்துச் சுற்றிலும் இரண்டு வரிசை தைத்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. கூலி 200 ரூபாய். இந்தப் பயணத்துக்காக நான் கொடுத்த காசில் உருப்படியாகப் போனது அதுதான் என்று அப்போது தெரியாது.

பயணத்தை ஏற்பாடு செய்தது ஊரில் வார இறுதி டூர் நடத்தும் ஒருவர். பேர் வேண்டாம். அக்கா மகனின் நண்பர்கள் மூலம் கிடைத்தவர். '4 நாள், 3 இரவு, தேக்கடி புலிக்காட்டில் நடை' என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். வேன் ஏறும் இரவையும் ஓர் இரவாகக் கணக்கு போட்டிருக்கிறார் என்பது கையெழுத்து போட்ட பிறகுதான் உறைத்தது. காட்டுக்குள் இருந்தது 3 நாள், 2 இரவு.

அம்மாவுக்கு இந்தப் பயணமே பிடிக்கவில்லை. போகிற வழி தேனி. தேனி என்றாலே அவருக்குக் குரங்கணிதான். 2018 மார்ச் 11 அன்று போடி பக்கம் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை டிவியில் பார்த்தது இன்னும் அவர் மனதில் அப்படியே இருக்கிறது. 23 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து வழிகாட்டியோடு கூட்டிப்போகிறது. ஆனால் அவை பெரும்பாலும் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடுகிற பாதைகள். எனக்குக் காட்டுக்குள் தூங்க வேண்டும். அதனால்தான் எல்லை தாண்டி, கேரளத்துத் தேக்கடியில் இருக்கும் பெரியார் புலிகள் காப்பகம். இது அக்டோபர் கடைசி, மழைக்காலம், தீ வராது, அட்டைதான் வரும் என்று அம்மாவிடம் சொன்னேன். அது சமாதானமா என்று திருப்பிக் கேட்டார்.

ஏசி வேன் என்றார்கள். வேன் வந்தது, ஏசி வரவில்லை. விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் எல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினோம். விடிந்தபோது கம்பம் பள்ளத்தாக்கு. ரோட்டோரம் பன்னீர் திராட்சைக் கூடைகள். லோயர் கேம்ப் தாண்டி வளைவுகளில் ஏறும்போது மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்தோம். மலைக்கு அந்தப்பக்கத்து ஏரித் தண்ணீர்தான் அதில் வருகிறது. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிவிட்டது. அந்தத் திராட்சைக்கும் அதே தண்ணீர்தான்.

குமுளியில் நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில்தான் வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டிய விஷயம் நடந்தது. என்னிடம் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட். (மனைவியின் தாத்தா, 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது கொடுத்த ஆறு மாத அவகாசத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர். எங்கள் ஊரில் பாதி கல்யாணங்களுக்குப் பின்னால் அப்படி ஒரு கையெழுத்து இருக்கும்.) அதனால் டூர்காரர் நுழைவுக்கு மட்டும் என்னிடம் 'வெளிநாட்டவர் கட்டணம்' என்று 1,500 ரூபாய் கூடுதலாக வாங்கியிருந்தார். கவுண்டரில் நானே போய் ஓசிஐ புத்தகத்தை, அதாவது நம் மாதிரி வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர்களுக்கு இந்திய அரசு கொடுக்கும் அடையாளப் புத்தகத்தை, நீட்டினேன். அங்கிருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு இந்தியர் கட்டணத்துக்கே ரசீது போட்டார். ஓசிஐ வைத்திருப்பவர்களுக்குத் தேசியப் பூங்கா, சரணாலயம், நினைவுச் சின்னம், அருங்காட்சியகம் ஆகியவற்றில் நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு உள்ளதேதான். 2021 மார்ச்சில் வந்த மத்திய அரசு அறிவிக்கையில் இது தெளிவாக இருக்கிறது. அந்தப் புத்தகத்தை ஏர்போர்ட்டோடு பெட்டிக்குள் போட்டு மூடிவிடாதீர்கள். அந்த 1,500 ரூபாயை டூர்காரரிடமிருந்து திரும்ப வாங்க ஐந்து போன் தேவைப்பட்டது. 'சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுச்சு சார்' என்பது மூன்றாவது போனில் கிடைத்த பதில்.

அதோடு அவர் வேலை முடிந்தது. காட்டுக்குள் அவர் வரவில்லை, வரவும் தேவையில்லை. காப்பகத்து அலுவலகத்திலேயே நேரடியாக இந்த நடைக்குப் பதிவு செய்திருக்கலாம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. சேட்டிலைட் போன் இருக்கும் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தார். அப்படி எதுவும் இல்லை. வனக்காவலர் இடுப்பில் ஒரு வாக்கி டாக்கி இருந்தது, அதுவே போதுமாக இருந்தது.

நாங்கள் ஐந்து பேர். நான், அக்கா மகன், அவன் நண்பன், அப்புறம் கடலூரிலிருந்து வந்த ஒரு டீச்சரும் அவர் கணவரும். கூட வந்தவர்கள் ஐந்து வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு காவலர். முதலில் எனக்கு இது அதிகமாகப் பட்டது. பிரான்சில் வனுவாஸ் தேசியப் பூங்காவில் வருடா வருடம் நடப்பவன் நான். அங்கே பாறையில் பெயிண்ட் கோடு இருக்கும், கையில் மேப் இருக்கும். சாயங்காலம் மலைக்குடிலுக்குப் போனால் சூப் கொடுப்பார்கள். யாரும் யாரையும் கூட்டிப்போவதில்லை. இங்கே ஐந்து பேருக்கு ஆறு பேரா?

அரை மணி நேரத்தில் விளங்கிவிட்டது. கயிறு இழுத்துப் போகும் மூங்கில் தெப்பத்தில் ஏரியின் ஒரு கிளையைத் தாண்டியதும் முன்னால் போன வழிகாட்டி அண்ணன் கையைத் தூக்கினார். எல்லாரும் நின்றோம். பாதையில் யானை லத்தி. செருப்புக் காலால் உடைத்து உள்ளே விரலை வைத்தார். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, அதிலிருந்த அடுப்புச் சாம்பலை ஒரு சிட்டிகை காற்றில் விட்டார். சாம்பல் எங்கள் முதுகுப் பக்கமிருந்து முன்னால் போனது. அதாவது எங்கள் வாடை அதுகளுக்குப் போகிறது. ஒன்றும் பேசாமல் பாதையை விட்டு மேட்டில் ஏறி, புல்வெளியைச் சுற்றி முக்கால் மணி நேரம் கூடுதலாக நடத்தினார். மேலிருந்து பார்த்தபோது நாங்கள் போயிருக்க வேண்டிய வளைவில் மூன்று பெண் யானைகள், ஒரு குட்டி. குட்டி சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. துப்பாக்கி எதற்கு என்று காவலரிடம் கேட்டேன். "சத்தம் போடத்தான் சார். இதுவரைக்கும் போட்டதில்ல."

அந்த அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். இரண்டாம் நாள் ஒரு மரத்தடியில் நின்று இலையைக் கசக்கி என் மூக்கில் வைத்தார். பிரியாணி வாசம். வயண மரம், பட்டை இனம். தண்டில் ஆளுயரத்துக்குத் தோல் உரித்த பழைய தழும்பு. "இது நான் உரிச்சது" என்றார். சிறுவயதில் கும்பலாகக் காட்டுக்குள் வந்து வாரக்கணக்கில் தங்கிப் பட்டை உரித்து, சுமந்து இறக்கி விற்றிருக்கிறார்கள். வழக்குகளும் இருந்தன. 1990களில் வனத்துறை அவர்களையே கூப்பிட்டுக் குழு அமைத்து, காட்டைக் காட்டும் வேலையைக் கொடுத்தது. இந்த நடையின் வருமானத்தில்தான் அவர்கள் குடும்பங்கள் நடக்கின்றன. காவலும் அவர்கள்தான். "அப்போ பாரஸ்ட்ட பாத்தா ஓடுவோம். இப்போ பாரஸ்ட்காரருக்கு நாங்கதான் வழி சொல்றோம்." பக்கத்தில் நின்ற காவலர் சிரித்தார். மறுக்கவில்லை.

சேவை என்று பார்த்தால் குறை சொல்லவும் இருக்கிறது. கூடாரத்து ஜிப் ஒன்று பாதியில் நின்றுவிட்டது. இரண்டாம் இரவு மழையில் அந்தப் பக்கத்தை நான் ரெயின்கோட்டால் அடைத்துக்கொண்டு படுத்தேன். டாய்லெட் என்பது ஒரு மண்வெட்டியும் ஒரு திசையும்தான். இது கடலூர் டீச்சருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். டூர்காரர் சொல்லவில்லை. சாப்பாட்டில் குறையே இல்லை. சைவம்தான். கஞ்சியும் பயறும், ராத்திரி சோறும் சாம்பாரும், நினைத்த நேரத்துக்கு ஏலக்காய் டீயும். ஆம்லெட் கேட்ட அக்கா மகனைப் பார்த்துச் சமையல் செய்தவர், "காட்டெருமை வாசம் பிடிச்சு வந்து கேட்டா நீங்கதான் குடுக்கணும்" என்றார்.

அட்டைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். முழங்கால் வரை கட்டும் துணி உறை கொடுக்கிறார்கள். அதையும் தாண்டி என் கழுத்தில் ஒன்று ஏறியிருந்தது. பிடித்து இழுக்காதீர்கள், உப்பு கட்டிய துணி முடிச்சைத் தொட்டு வையுங்கள், தானே விழும். ஒரு மணி நேரம் ரத்தம் நிற்காது, பயப்பட வேண்டாம்.

ஒரு விடிகாலை ஏரிக்கரையில் டீ குடித்தது மறக்காது. பனி விலக விலகத் தண்ணீருக்குள்ளிருந்து கறுப்பு மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டு தெரிந்தன. அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். நூற்று முப்பது வருடமாக அழுகாமல் நிற்கிறது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. எதிர்மலையிலிருந்து கருமந்தி உறுமியது. எல்லாரும் மொபைலை எடுத்தோம், டீச்சர் மட்டும் எடுக்கவில்லை.

ஷூ கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. ஊருக்கு வந்ததும் சேறு காய்ந்திருந்த அதை அப்படியே கொண்டுபோய் அந்தப் பெரியவரிடம் காட்டினேன். அவர் தையலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் திட்டினார்: "கழுவி எடுத்துட்டு வரக்கூடாதா?" மறுபடியும் பரணில் போடாதே என்று அக்காவும் சொல்லிவிட்டாள். அக்கா மகனிடம் விட்டு வந்திருக்கிறேன். அவனுக்கு ஒரு சைஸ் பெரியது. இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு தினமும் காலையில் பீச் ரோட்டில் நடப்பதாக நேற்று போட்டோ அனுப்பியிருந்தான்.